வளையல்காரர் போன தெரு

காலை பத்து மணி ஐந்து நிமிடம். பிரசவ வார்டுக்குள் நுழைந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது முகம் அல்ல, இரண்டு கைகள். மணிக்கட்டிலிருந்து முன்கையில் பாதி வரை கண்ணாடி வளையல்கள். பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு. விரல்கள் பூவன் பழம்போல் ஊதியிருந்தன. வளையல்களுக்கு மேலும் கீழும் சதை பிதுங்கி நின்றது. அந்தக் கைகளுக்குரிய பெண், சரோஜா, கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எதிரே மூத்த சிஸ்டர், கையில் ஒரு சின்னக் குறடு. இருவருக்கும் நடுவில், கட்டிலை மறித்துக்கொண்டு, சரோஜாவின் மாமியார் முனியம்மா.

மூன்று மாதமாக என் பிழைப்பில் மண்ணைப் போட்டவள் இந்த முனியம்மாதான்.

உங்கள் கடிதத்தில் ஒரே கேள்விதான் இருந்தது: புதிய வாடிக்கையாளர்களை எப்படிப் பிடிப்பது? நீங்கள் ஏழு பேர் சேர்ந்து பெங்களூரில் தொழில் தொடங்கியிருக்கிறீர்கள். டூலா என்று பெயர் இருக்கிறது, அச்சடித்த அட்டை இருக்கிறது. எங்கள் காலத்தில் கோலார் தங்கவயலில் என் வேலைக்குப் பெயரே கிடையாது. மருத்துவச்சியோ நர்ஸோ பிள்ளையை எடுப்பார்கள். பிள்ளை வரும்வரை தாயின் பக்கத்தில் இருப்பது என் வேலை. இடுப்பைத் தேய்ப்பேன், தண்ணீர் கொடுப்பேன், புருஷனுக்குச் சேர வேண்டிய திட்டுகளை அவனுக்குப் பதிலாக வாங்கிக்கொள்வேன். "கூட இருக்கிறவ" என்பார்கள். அந்தப் பெயரை அட்டையில் அச்சடித்தால் போலீஸ் வந்துவிடும்.

இந்தத் தொழிலுக்கு ஒரு சாபம் உண்டு. வேலை கேட்டு யார் வாசலுக்கும் போக முடியாது. கேட்காமல் போய் நின்றால், ஏதோ கெட்டதை மோப்பம் பிடித்து வந்திருக்கிறாள் என்பார்கள். நான் தொடங்கிய முதல் மாதமே அந்தத் தப்பைச் செய்தேன். குழாயடியில் ஒரு பெண் குடத்தை இடுப்பிலிருந்து தலைக்கு மாற்றியதைப் பார்த்தேன். அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போய், "வலி எடுத்தா சொல்லி அனுப்புங்க, நான் வரேன்" என்றேன். அவளுக்கு அப்போது மூன்றாவது மாதம்கூட முடியவில்லை. புருஷனுக்கே சொல்லியிருக்கவில்லை. நான் தெரு முனை திரும்புவதற்குள் பின்னால் மிளகாய் சுற்றிப் போட்ட நெடி வந்தது. என் அப்பா பஜாரில் செய்தித்தாள் ஏஜண்டு. நான் எழுத்துக் கூட்டியதே பேப்பரில்தான். செய்தியை முந்தித் தருவது பேப்பருக்கு அழகு. நமக்கு அல்ல.

இன்னொரு வழி இருந்தது. ஊரில் ஏழாம் மாதப் பெண்களையெல்லாம் மனையில் உட்கார வைத்துக் காட்டும் நிகழ்ச்சி வளைகாப்பு. ஆனால் நான் அங்கே போகக் கூடாது. என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் பாறை சரிந்து இறந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. மறுநாள் அப்பாவின் பேப்பரில் நான்கு வரி வந்தது, மூன்றாவது வரியில் அவர் இருந்தார். அதற்குப் பிறகு நான் நல்ல காரியத்துக்கு ஆகாதவள். வலி எடுத்தால் மட்டும் ஆவேன். இதில் விசித்திரம் இருப்பதாக ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை. எனக்கு வேண்டியிருந்தது முகவரிகள்.

மூத்த சிஸ்டரிடம் புலம்பினேன். அவர் ஊசிகளைக் கொதிநீரில் போட்டுக்கொண்டே சொன்னார்: "தெருத்தெருவா அலையாத. யார் கைல லிஸ்ட் இருக்குதுன்னு பாரு." தன் மேஜைமேல் இருந்த ஆஸ்பத்திரி நோட்டைத்தான் சொன்னார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத் தெரிந்தது. அன்று நான் வெளியே வந்து யோசித்தேன். எதிரே வளையல் செட்டியார் போய்க்கொண்டிருந்தார்.

செட்டியாருக்கு ஐம்பது வயது இருக்கும். பேத்தமங்களாவிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். தோளில் வளையல் சரம், கையில் ஒரு தகரப் பெட்டி. திங்கட்கிழமை பாலகாட், செவ்வாய்க்கிழமை நந்திதுர்க் என்று நாள் பிசகாமல், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளைச் சுற்றுவார். வளைகாப்பு நடக்கும் வீடுகள் எல்லாம் இரண்டு வாரம் முன்பே அவருக்குத்தான் சொல்லி வைக்கும். அவர் முகங்களைப் பார்ப்பதில்லை. வளையல் அளவுதான் அவருக்குப் பெயர். சின்னக் கை ரெண்டு-நாலு. நடுத்தரம் ரெண்டு-ஆறு. அதற்கு மேல் ரெண்டு-எட்டு.

"செட்டியாரே, ஒரு சேதி கேக்கணும்" என்றேன்.

அவர் என் வெறுங்கையைப் பார்த்தார். "ரெண்டு-ஆறு" என்றார், பழக்கதோஷம். பிறகு நான் யார் என்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எங்கள் ஒப்பந்தம் அங்கேயே முடிவானது. எந்த லைனில் யாருக்கு வளைகாப்பு என்று அவர் எனக்குச் சொல்வார். எந்த வீட்டில் பிள்ளை பிறந்தது என்று நான் அவருக்குச் சொல்வேன். அவர் பிள்ளைக்குக் கருவளை விற்கப் போகலாம். வரப்போவது அவர் பக்கம், வந்தது என் பக்கம். காசு கைமாறவில்லை.

"பேரு கேக்காத தாயி. நாக்கு தெலியது, எனக்குத் தெரியாது. எட்டாவது லைன், கடைசி வூடு, ரெண்டு-நாலு. புதன்கிழமை வளைகாப்பு" என்பார், தெலுங்கு கலந்த தமிழில்.

அது போதும். அந்த லைன் குழாயடியில் இரண்டு முறை தண்ணீர் பிடிப்பேன். பக்கத்துத் தெருவில் நான் கூட இருந்த ஒரு பிரசவத்தைப் பற்றி யாரோ கேட்பார்கள், நான் பாதி சொல்லி நிறுத்துவேன். மீதியைக் கேட்க அவர்களே கூப்பிடுவார்கள். கூப்பிட்ட வாசலுக்குப் போகலாம், மிளகாய் நெடி வராது. எட்டு மாதம் இது பிரமாதமாக ஓடியது.

நான் செய்த தப்பு நேரம் தவறாமை. செட்டியார் போன தெருவுக்கு நான் இரண்டு வாரம் கழித்துப் போயிருக்க வேண்டும். இரண்டாம் நாளே போனேன். குழாயடியில் வரிசையில் நிற்கும் பெண்களுக்கு வேறு வேலை என்ன இருக்கிறது? அந்தக் குழாயடிப் பேப்பருக்கு முனியம்மா தலைமை ஆசிரியர். ஒரு வியாழக்கிழமை, நான் குடத்தை வைக்கும்போதே ஆரம்பித்தாள்.

"செட்டி திங்கக்கெழம வரான். இவ புதங்கெழம வரா. நடுவுல செவ்வாக்கெழம இன்னா நடக்குதோ, அந்த மாரியாத்தாளுக்குத்தான் வெளிச்சம்."

"யக்கா, வாய அளந்து பேசு" என்றேன்.

"நான் இன்னாத்துக்கு அளக்கணும்? அளக்கறவன்தான் தகரப் பொட்டியோட வரானே!"

வரிசை முழுவதும் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அதுதான் இன்னும் மோசம். சிரித்தால் உண்மை என்று ஆகிவிடும். மறுத்தாலும் அப்படியே.

அந்த வாரத்திலிருந்து என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. மூன்று மாதம். என் கண் முன்னே வளைகாப்பு முடிந்த பெண்கள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதில் ஒருத்தி முனியம்மாவின் மருமகள் சரோஜா. பாலகாட் அஞ்சாவது லைன், ரெண்டு-நாலு. செட்டியார் சொன்ன கடைசி முகவரி அதுதான். பிறகு நாங்கள் தெருவில் எதிர்ப்பட்டாலும் அவர் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம். அப்பா, பஜாரில் கடையைப் பார்த்துக்கொள் என்றார். வர மாட்டேன் என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் மிச்சமில்லை. மாதக் கடைசி வரை தவணை கேட்டிருந்தேன்.

மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரி ஆயா மூச்சு வாங்க வந்து நின்றாள். "சிஸ்டர் உன்ன இட்டாரச் சொன்னாங்க. ஒண்ணும் கேக்காத, வா."

அப்படித்தான் பத்து ஐந்துக்கு அந்தக் கைகள் முன்னால் நின்றேன்.

சரோஜாவுக்கு ஒரே வாரத்தில் உடம்பு முழுக்க நீர் கோத்திருந்தது. ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, ஆபரேஷன், பதினொன்றரைக்கு மேல் தாங்காது என்று சொல்லிவிட்டார். ஆபரேஷன் என்றால் கைகளில் கண்ணாடி இருக்கக் கூடாது. சோப்பு போட்டார்கள், எண்ணெய் போட்டார்கள். ஒன்றுகூட நகரவில்லை. கைக்கு இருபத்தொன்று, மொத்தம் நாற்பத்திரண்டு. உடைத்து எடுப்பது ஒன்றுதான் வழி. சிஸ்டர் குறட்டை எடுத்ததும் சரோஜா கைகளை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"வயித்த அறுங்க சிஸ்டர். வளைய உடைக்காதீங்க."

அவள் புருஷன் ஏழுமலை காலை ஷிப்டில் சுரங்கத்துக்குள் கீழே இருந்தான். இரண்டு மணிக்குத்தான் கேஜ் ஆட்களை மேலே கொண்டுவரும். தங்கவயலில் புருஷன் கீழே இருக்கும்போது கை நழுவி ஒரு வளையல் உடைந்தாலே, ஷிப்ட் முடிந்து சங்கு ஊதுகிற வரை அந்தப் பெண் சோறு தின்ன மாட்டாள். இங்கே நாற்பத்திரண்டை வேண்டுமென்று உடைக்கக் கேட்கிறார்கள்.

"எம்புள்ள கீழ கீறான்" என்றாள் முனியம்மா. அவள் குரல் குழாயடிக் குரலாக இல்லை. "அவன் மேல வர்ற வரிக்கும் ஒர்த்தரும் தொடக் கூடாது."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். "நீ சொன்னா கேப்பாங்கன்னு கூப்பிட்டேன். சொல்லு."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களில் படித்தவர்கள் அதிகம். இது மூடநம்பிக்கை என்று எடுத்துச் சொல்லலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒரு மணி இருபத்தைந்து நிமிடத்தில் ஒரு மூடநம்பிக்கையைக் கழற்ற முடியாது. வளையல்களைக் கழற்றலாம். உடைக்காமல் கழற்றத் தெரிந்த ஆள் ஊரில் ஒருவர் இருந்தார். அவர் இந்த நேரத்தில் எந்தத் தெருவில் இருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். அதைச் சொன்னால், என்னைப் பற்றி முனியம்மா சொன்னதெல்லாம் உண்மை என்று அவள் எதிரிலேயே நானே கையெழுத்துப் போட்டது மாதிரி. பெண்கள் வார்டு, பதினான்கு கட்டில், பதினான்கு வாய். மாதக் கடைசியில் பஜார் கடைதான்.

"வளையல் செட்டியாரைக் கூப்பிடணும்" என்றேன். "செவ்வாக்கெழம பத்தரைக்கு நந்திதுர்க்ல, மாரியம்மன் கோயிலுக்குப் பின்னாடி மூணாவது லைன்ல இருப்பார். வேப்பமரத்தடியில பொட்டிய வெச்சிகினு டீ குடிப்பார்."

பக்கத்துக் கட்டில்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.

"பாத்தீங்களா!" என்றாள் முனியம்மா. "டீ குடிக்கிற மரம்கூட தெரியுது இவளுக்கு!" ஒரு மூச்சு விட்டாள். மருமகள் கைகளைப் பார்த்தாள். "தெரிஞ்சிகினு இன்னாத்துக்குடி நிக்கற? போய் இட்டாயேன்!"

நான் திரும்பினேன். சரோஜா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பருத்த விரல்களால் எப்படிப் பிடித்தாள் என்று தெரியவில்லை.

"இவ இங்க இருக்கட்டும்" என்றார் சிஸ்டர். "இனிமே ஆயா வார்டை விட்டுப் போக முடியாது. நீங்க போங்கம்மா, முனியம்மா. வாசல்ல ஜட்கா வண்டி நிக்குது."

"நானா? அந்தாளு கூடயா? ஜட்காவுலயா?"

"பதினொன்றரை" என்றார் சிஸ்டர்.

முனியம்மா போனாள்.

நான் கட்டிலில் ஏறி சரோஜாவின் பின்னால் உட்கார்ந்து, அவள் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். தூக்கிப் பிடித்தால் வீக்கம் கொஞ்சம் வடியும் என்று முன்பு ஒருமுறை செட்டியார் சொல்லியிருந்தார். பத்து நிமிடத்தில் என் தோள் மரத்துப்போனது. டூலா வேலை என்ன என்று யாராவது கேட்டால், இதுதான் என்று சொல்லுங்கள்.

"அக்கா" என்றாள் சரோஜா. "உங்க வளையல எப்ப எடுத்தாங்க?"

"பதினாறாம் நாள்."

"அதுக்கு முன்னாடி, அண்ணன் கீழ போன அன்னிக்கு, எதுனா ஒண்ணு உடைஞ்சுதா?"

இதற்கு இரண்டு பொய்கள் கைவசம் இருந்தன. ஒன்று அவளை மிரட்டும், ஒன்று சமாதானப்படுத்தும். கூட இருக்கிறவள் வலியைப் பற்றிச் சில பொய் சொல்லலாம். "இதோ, இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்று நான் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். இது வலியைப் பற்றிய கேள்வி இல்லை.

"ஒண்ணுகூட உடையல" என்றேன். "ஒரு கீறல் இல்ல. எல்லாம் முழுசா இருந்துச்சு. அவர்தான் வரல."

என் கைகளில் அவள் கைகளின் கனம் கொஞ்சம் மாறியது. அதுவரை அவளும் தூக்கிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. இப்போது முழுக்க என்னிடம் விட்டுவிட்டாள்.

பத்து ஐம்பதுக்கு ஜட்கா வந்தது. சிஸ்டர் கட்டிலைச் சுற்றித் துணித் தட்டியை இழுத்தார். செட்டியார் தட்டிக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார். தட்டியின் இடைவெளியில் சரோஜாவின் ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. அவர் அதை வாங்கிப் பார்த்தார்.

"ரெண்டு-நாலு. நான்தான் போட்டது." பிறகு, "கைய தூக்கிப் புடிச்சது யாரு? பாதி வேல ஆயிடுச்சே" என்றார். மூன்று மாதத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கையைப் பார்த்துச் சொன்னார்.

தகரப் பெட்டியிலிருந்து ஒரு மல் துணி நாடா எடுத்தார். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை நெருக்கமாகச் சுற்றினார். அதன்மேல் சோப்பு நுரை. "செய்யி வதுலம்மா, கைய தளர விடும்மா. இது உன் கை இல்லன்னு நெனச்சிக்கோ." கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி ஒரு திருகு. முதல் வளையல் வந்தது. அதைத் தரையில் வைக்காமல் தன் சரக் கயிற்றில் கோத்தார். இரண்டாவது. மூன்றாவது. பக்கத்துக் கட்டில் பெண் சத்தமாக எண்ண ஆரம்பித்தாள். பன்னிரண்டாவது வளையலுக்குள் வார்டு முழுக்க எண்ணியது. முனியம்மாவும் எண்ணினாள், எல்லோரையும்விட ஒரு எண் முந்தி.

பதினொன்று இருபத்தைந்துக்கு நாற்பத்தொன்று. கடைசி ஒன்று, இடது முன்கையில் ஆக மேலே இருந்த பச்சை, மணிக்கட்டோடு நின்றுவிட்டது. செட்டியார் இரண்டு முறை முயன்றார். மூன்றாம் முறை சரோஜா கத்தினாள். அவர் கையை விட்டுவிட்டார். "இதுக்கு மேல இழுத்தா உடையும்."

சிஸ்டர் குறட்டைப் பார்த்தார். முனியம்மா சிஸ்டரைப் பார்த்தாள். அப்போதுதான் இத்தனை நேரமும் யாரும் கேட்காத ஒரு கேள்வியைச் சரோஜா கேட்டாள்.

"ஒண்ணு இருந்தா ஆகாதா சிஸ்டர்?"

டாக்டரம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். "ஒண்ணுதானே? பஞ்சு வெச்சு இறுக்கிக் கட்டு போடுங்க. வாங்க." கட்டு போட இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பத்து ஐந்துக்கு நானே அதைக் கேட்டிருக்கலாம். மாமியாரும் சிஸ்டரும் நானும் உடைப்பதா வேண்டாமா என்று மல்லுக்கட்டினோமே தவிர, கைகளுக்குச் சொந்தக்காரியை யாரும் விசாரிக்கவில்லை. இதை உங்கள் அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.

பெண் குழந்தை. பன்னிரண்டு பத்துக்கு அழுத சத்தம் கேட்டது. சரோஜா சாயங்காலம் கண் விழித்தாள். அதற்கு முன்பே, ஏழுமலை இரண்டரைக்கு மண் ஒட்டிய பூட்ஸோடு வார்டு வாசலில் வந்து நின்று, ஆயாவிடம் வசவு வாங்கினான்.

இனி வாடிக்கையாளர் விஷயம். நந்திதுர்க்கிலிருந்து ஆஸ்பத்திரி வரை முனியம்மாவும் வளையல் செட்டியாரும் ஒரே ஜட்காவில் வந்ததை ஊர் முழுக்கப் பார்த்திருந்தது. மறுநாள் குழாயடியில் என் கதை பழைய பேப்பர். "நேத்து ஜட்கா சவாரியாமே யக்கா?" என்று ஆரம்பித்தார்கள்.

"அடச்சீ! அந்தாளு ஒரு தபா என் மூஞ்சப் பாக்கல. கையத்தான் பாத்தான்."

"கைய இன்னாத்துக்குப் பாத்தான்?"

"பாத்துட்டு 'ரெண்டு-எட்டு'ன்னான். அத்தோட சரி. வழியெல்லாம் வாயத் தொறக்கல."

"அளவு எடுத்தாச்சா!"

வரிசை குடங்களைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தது. தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள முனியம்மாவுக்கு ஒரே வழிதான் இருந்தது: செட்டியார் உத்தமர் என்று ஊருக்கெல்லாம் சொல்வது. அவர் உத்தமர் என்றால் நானும் அப்படித்தானே? தெருத்தெருவாகச் சொன்னாள். சொன்ன இடத்திலெல்லாம், நான் முப்பத்தைந்து நிமிடம் கை தூக்கிப் பிடித்த கதையும் கூடவே போனது. அவள் வாயில் அது ஒன்றரை மணி நேரம் ஆனது. நான் திருத்தவில்லை. மாதக் கடைசிக்குள் மூன்று வீட்டிலிருந்து ஆள் வந்தது. அப்பாவிடம் கடைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: உங்களைப் பற்றி மிக மோசமாகப் பேசுகிறவர் யார் என்று கண்டுபிடியுங்கள். அவருக்குத்தான் எல்லா வீட்டு வாசலும் திறக்கும். அவரை எப்படி ஜட்காவில் ஏற்றுவது என்பது உங்கள் சாமர்த்தியம்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பிரசவம் முடிந்ததும், தாயின் வளைகாப்பு வளையல்களை அவளுக்குப் பிரசவம் பார்த்தவளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முனியம்மா எங்கள் வீட்டு வாசலில் நின்று, உள்ளே வராமல், ஒரு பொட்டலத்தை நீட்டினாள். பேப்பரில் சுற்றி நூல் கட்டியிருந்தது.

"சிஸ்டர் வாணாம்னுட்டாங்க. அவங்க போட்டுக்க மாட்டாங்களாம். நீயே வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பிரித்து எண்ணினேன். நாற்பத்தொன்று இருந்தது. எல்லாம் ரெண்டு-நாலு. என் கை ரெண்டு-ஆறு.